ஒலிக்கு உரைகல் தேடிய கில்பர்ட் பிரிக்ஸ்

செய்தவனின் பெயர் மறைந்து, செய்த பொருளின் பெயர் மட்டும் நிலைத்து நிற்பது உலகில் அடிக்கடி நிகழ்வதே. நாம் நாள்தோறும் கையாளும் கருவிகள் எத்தனையோ உள. அவற்றின் முகப்பில் பொறித்த பெயரை நாம் அறிவோம். அப்பெயருக்குப் பின்னால் நின்று உழைத்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் நமக்கு விடை தெரியாது. அத்தகைய ஒருவரின் வரலாற்றை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

தலைநகர் வாழ் தமிழருக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள உறவு பழைமையானது. டில்லி வானொலி நிலையம் 1936ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1952இல் தேசீய சங்கீத நிகழ்ச்சி தொடங்கிய பின்னர், கரோல்பாக் மாடி அறைகளிலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த நம் முன்னோர் இரவு வேளையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர். காவிரிக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவில், யமுனைக் கரையில், பிறந்த மண்ணின் இசையைக் கேட்டனர். அந்த இசையை அவர்கள் செவியில் சேர்த்தது பெட்டியின் முகப்புத் துணிக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு காகிதக் கூம்பு. இன்றும் செங்கோட்டைக்கு எதிரே பழைய லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் அத்தகைய கூம்புகள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடப்பதை நாம் காணலாம்.

அண்மைக் காலத்தில் இசை அன்பர் சிலர் வீட்டில் ஒரு புதுமையைக் காண்கிறோம். ஒல்லியாக, உயரமாக, பளபளப்பாக நின்ற ஒலிபெருக்கிகளை அகற்றிவிட்டு, அகன்ற முகமும் மரப்பலகையின் நிறமும் கொண்ட, பாட்டனார் காலத்துப் பெட்டிகளைப் போன்றவற்றை வாங்கி வைக்கின்றனர். அவை பழைய பெட்டிகளல்ல. பழைய வடிவில் புதிதாகச் செய்யப்பட்டவை. அவற்றுள் புகழ் பெற்ற ஒரு வகையின் பெயர் வார்ஃப்டேல். வார்ஃப்டேல் என்பது ஓர் ஆளின் பெயரன்று; இங்கிலாந்தின் வடபகுதியில் ஓடும் வார்ஃப் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கு அது. அப்பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் நிலவறையில் அத்தொழிலைத் தொடங்கியவரே கில்பர்ட் ஆர்தர் பிரிக்ஸ்.

இளமை

பிரிக்ஸ் 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், யார்க்‌ஷயரில் பிராட்போர்டு நகரத்தை அடுத்த கிளேட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் பிராட்போர்டு உலகின் கம்பளித் தலைநகரம் என்று சொல்லத் தக்க நிலையில் இருந்தது. ஆலைப் புகைபோக்கிகள் காடு போல் நின்றன. அவ்வூரில் பிறந்த பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் அப்புகைபோக்கிகளின் நிழலிலேயே அமைந்தது. பிரிக்ஸின் குடும்பமும் அந்நிழலில் வாழ்ந்த எளிய குடும்பமே.

சிறு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். அருகிலுள்ள ஹாலிபாக்ஸ் நகரில், கம்பள விரிப்பு ஆலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய கிராஸ்லி சகோதரர்கள் தந்தையற்ற பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை நிறுவியிருந்தனர். பிரிக்ஸ் அங்கேதான் கல்வி பயின்றார். பிறர் அறத்தால் படித்து முன்னுக்கு வந்த பெரியோர் பலரை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பிக்க வேண்டும் என்ற வேட்கை இத்தகையோர் பலரிடம் மிகுந்திருக்கும். பிரிக்ஸிடம் அது எவ்வாறு வெளிப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பள்ளியை விட்டபின் அவர் பிராட்போர்டில் துணி ஏற்றுமதி செய்யும் வணிக நிலையமொன்றில் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழ நாற்பது வயது வரை அவருடைய பிழைப்பு துணி வாணிகத்திலேயே கழிந்தது. அவர் பொறியியல் கற்றவரல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருமல்லர். ஆனால் பியானோவின் மீது அவருக்கு அளவற்ற காதல் இருந்தது. பியானோவின் ஒலி எவ்வாறு எழுகிறது, எவ்வாறு தேய்ந்து மறைகிறது என்பதை அவர் காது நுணுக்கமாக அறிந்திருந்தது. பின்னாளில் அவர் செய்த ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் முதற் சோதனைக்கூடம் அவர் காதே ஆகும்.

நிலவறையில் தொடங்கிய தொழில்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பிராட்போர்டின் கம்பளி வாணிகத்தையும் வாட்டியது. அதே காலத்தில் மற்றொரு தொழில் முளைவிட்டுக் கொண்டிருந்தது. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலர் புதுவகை ஒலிபெருக்கியொன்றை உலகுக்கு அறிவித்தனர். அதன் தத்துவம் எளியது. ஒரு காகிதக் கூம்பின் முனையில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை ஒட்டி, அச்சுருளை ஒரு காந்தத்தின் இடைவெளியில் தொங்க விடுவர். இசையின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனோடு கூம்பும் அசையும். கூம்பு காற்றை அசைக்க, காற்று நம் செவியை அசைக்கும். ஏறக்குறைய நூறாண்டுகள் கடந்தும் உலகின் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இந்தத் தத்துவத்திலேயே இயங்குகின்றன.

சொல்வதற்கு எளிய இது செய்வதற்கு அரியது. கூம்பு கனமாயிருந்தால் மேல் ஸ்தாயி மங்கும். மிக மெல்லியதாயிருந்தால் தானே நடுங்கித் தன் குரலையும் இசையோடு கலந்துவிடும். கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் பகுதி விறைப்பாயிருந்தால் கீழ் ஸ்தாயி எழாது. காந்தம் வலிமையற்றதாயிருந்தால் தாளத்தின் கூர்மை போய்விடும். இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துப் பார்க்கும் ஆசை பிரிக்ஸைப் பற்றிக் கொண்டது.

1932ஆம் ஆண்டு, வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள இல்க்லி என்னும் ஊரில், தம் வீட்டு நிலவறையில் அவர் தம்முடைய முதல் ஒலிபெருக்கியைச் செய்து முடித்தார். அடுத்த ஆண்டு பிராட்போர்டு வானொலிச் சங்கம் நடத்திய போட்டியில் அவர் கருவிகள் முதற் பரிசையும் இரண்டாம் பரிசையும் ஒருங்கே பெற்றன. அந்த ஊக்கத்தில், நாற்பத்திரண்டாம் வயதில், நன்கறிந்த துணி வாணிகத்தைக் கைவிட்டு அவர் முழுநேர ஒலிபெருக்கித் தொழிலில் இறங்கினார். குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் நடுவயதில், அதுவும் ஊரெங்கும் வேலையின்மை நிலவிய காலத்தில், இவ்வாறு துணிந்தது சிறிய செயலன்று. பிறந்த ஊரையும் பழகிய தொழிலையும் விட்டுத் தலைநகருக்கு ரயிலேறிய நம் முன்னோருக்கு அத்துணிவின் விலை நன்கு தெரியும்.

தொழிற்சாலைக்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. தாம் வாழ்ந்த பள்ளத்தாக்கின் பெயரைச் சூட்டினார். பின்னர் அந்நிறுவனத்தின் பெட்டிகள் சிலவற்றுக்கு லிண்டன், டெண்டன் என்று யார்க்‌ஷயர் ஊர்ப் பெயர்களே அமைந்தன. தமிழர் எந்நாடு சென்றாலும் பிறந்த ஊரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன்னே சுமந்து செல்வதைப் போன்றது இது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை பிராட்போர்டின் ஒரு பகுதியில் நிலைகொண்டது. அப்பகுதியின் பெயர் ஐடில். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சோம்பல் என்று பொருள். ஓய்வறியாத உழைப்பாளி ஒருவர் தம் முகவரியில் சோம்பலைச் சுமந்தது வேடிக்கையே.

மிருதங்கத்தின் இரு பக்கங்கள்

பிரிக்ஸ் ஒலிபெருக்கிக் கலைக்கு ஆற்றிய தொண்டை விளங்கிக் கொள்ள, நாம் மிருதங்கத்தை நினைத்துக் கொள்வது நலம். அதன் தொப்பிப் பக்கம் அகன்றது. அதிலிருந்து ஆழ்ந்த கும்கார நாதம் எழும். வலந்தலை சிறியது, அதிலிருந்து தெளிந்த, கூரிய சொற்கள் எழும். ஒரே தோலில் இரண்டையும் வரவழைக்க நம் முன்னோர் முயலவில்லை. அவ்வாறே ஒரே காகிதக் கூம்பைக் கொண்டு தம்புராவின் மந்தரத்தையும் ஜாலராவின் மணியொலியையும் ஒருங்கே எழுப்புவது அரிது.

1945ஆம் ஆண்டு பிரிக்ஸ் இரு கூம்புகள் கொண்ட ஒலிபெருக்கி ஒன்றை உருவாக்கினார். கீழ் ஸ்தாயிக்குப் பத்து அங்குல அகலமுள்ள கூம்பு ஒன்று. மேல் ஸ்தாயிக்குச் சிறிய கூம்பு மற்றொன்று. வந்த மின்னோட்டத்தைப் பிரித்து, அதனதன் பங்கை அதனதன் கூம்புக்கு அனுப்பும் ஓர் அமைப்பும் அதில் இருந்தது. பிரிட்டனில் வீட்டு உபயோகத்திற்காக இம்முறையைக் கையாண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

கூம்பின் விளிம்புக்கு அவர் துணியைப் பயன்படுத்தினார். துணி வாணிகத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்தவரின் கருவியில் துணி இடம் பெற்றது பொருத்தமே. பெட்டியைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். கூம்பு மட்டும் பாட வேண்டும். பெட்டி பாடக் கூடாது. ஆனால் மெல்லிய பலகை எதுவும் ஒலியில் அதிரத்தான் செய்யும். இதற்கு அவர் கண்ட பரிகாரம் ஒரு கொத்தனாரின் பரிகாரத்தைப் போன்று எளியது. இரு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே காய்ந்த மணலை நிரப்பினார். மணல் அதிர்வை விழுங்கிவிடும். அறையின் மூலையில் செங்கல்லால் சுவரெழுப்பி அதில் ஒலிபெருக்கியைப் பதிப்பதையும் அவர் பரிந்துரைத்தார். விலையுயர்ந்த பொருளை நாடாமல், எவர் கைக்கும் எட்டும் பொருளைக் கொண்டு நற்பயன் விளைவிப்பது அவர் இயல்பு.

அறிந்ததை மறைக்காதவர்

தொழில் இரகசியத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதே வணிகரின் வழக்கம். பிரிக்ஸ் அதற்கு மாறாக நடந்தார். 1948ஆம் ஆண்டு ஒலிபெருக்கிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதி, தம் நிறுவனத்தின் மூலமே வெளியிட்டார். நல்ல ஒலியின் காரணமும் வழியும் அதன் பொருள். கணிதம் அறியாத சாதாரண அன்பரும் படித்து, தம் கையாலேயே பெட்டி செய்து கொள்ளும்படி அதை எழுதியிருந்தார். நடையில் நகைச்சுவை இழையோடியது. நூல் பல பதிப்புகளைக் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய செய்திகளைச் சேர்த்துத் திருத்தி விரித்தார்.

அதைத் தொடர்ந்து ஒலிப்பதிவு, பியானோ, இசைக்கருவிகள் ஆகியவற்றைப் பற்றிப் பல நூல்களை இயற்றினார். 1961இல் ஒலித்துறையில் உழைத்த தம் காலத்தவர் பலரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டித் தனி நூலாகவே வெளியிட்டார். போட்டியாளரையும் புகழ்ந்து வரலாற்றில் இடம் தரும் மனம் வணிக உலகில் அரிது. 1967இல், எழுபத்தாறாம் வயதில், மனிதர் செவிப்புலனைப் பற்றியும் நூல் வெளியிட்டார். கருவியில் தொடங்கிய ஆராய்ச்சி, முடிவில் கேட்பவனின் காதிலே வந்து நின்றது.

அவர் நிழலில் வளர்ந்தவர்களும் சிறந்தனர். அவரிடம் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த ரேமண்ட் குக் என்பவர் 1961இல் பிரிந்து சென்று, கென்ட் பகுதியில் கெஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1970களில் பி.பி.சி. வானொலியினர் வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்கென வகுத்த புகழ்பெற்ற சிறு பெட்டிக்குக் கூம்புகளைச் செய்து கொடுத்தது அந்நிறுவனமே.

மன்றத்தில் ஒரு சோதனை

பிரிக்ஸின் வாழ்வில் தலைசிறந்த நிகழ்ச்சி 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நடந்தது. அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது நிறைந்திருந்தது.

எந்த வணிகரும் தம் ஒலிபெருக்கி இயற்கையான ஒலியைத் தருவதாகவே சொல்வார். அதைச் சோதிப்பது எப்படி? கடையில் ஓர் ஒலிபெருக்கியை மற்றோர் ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டால், இரண்டு நகல்களை ஒப்பிட்டதாகவே முடியும். பொன்னைப் பொன்னோடு உரசி மாற்றுக் காண முடியாது. அதற்கு உரைகல் வேண்டும். ஒலிக்கு உரைகல், மேடையில் அமர்ந்து வாசிக்கும் கலைஞரே என்று பிரிக்ஸ் முடிவு செய்தார்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1951இல் திறக்கப்பட்ட ராயல் பெஸ்டிவல் மன்றத்தை அவர் வாடகைக்கு எடுத்தார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரக்கூடிய மன்றம் அது. அங்கே கலைஞரையும் ஒலிபெருக்கியையும் ஒரே மேடையில் நிறுத்தினார். முதலில் கலைஞர் வாசிப்பார். பின்னர் அவரே முன்னதாக வாசித்துப் பதிவு செய்திருந்தது ஒலிபெருக்கியின் வழியே வரும். வேறுபாட்டை அவையோர் தாமே கண்டு கொள்ளலாம். பியானோ இடம் பெற்றது. அதே ஆண்டில்தான் அம்மன்றத்தில் நிறைவுற்ற, 7,800க்கும் மேற்பட்ட குழல்களைக் கொண்ட மாபெரும் ஆர்கனும் இடம் பெற்றது.

இந்தச் செயலில் இருந்த ஆபத்தை எண்ணிப் பாருங்கள். அவையில் இருந்தோர் இசை அறிந்தோர், பத்திரிகையாளர், போட்டி வணிகர். ஒலிபெருக்கி தோற்றால் அத்தோல்வி மூடிய அறைக்குள் நிகழாது. மூவாயிரம் பேர் முன்னிலையில் நிகழும். இருபதாண்டுகளுக்கு மேல் சேர்த்த நற்பெயர் ஒரே மாலையில் அழிந்து போகலாம். நிலைமையை இன்னும் கடினமாக்கியது மற்றொன்று. அக்காலத்து ஆம்ப்ளிபையர்களின் ஆற்றல் மிகச் சிறிது. பிரிக்ஸுக்குத் துணை நின்றவர், குவாட் என்னும் பெயரில் ஆம்ப்ளிபையர்களைச் செய்து வந்த பீட்டர் வாக்கர். அவருடைய கருவி ஒவ்வொன்றின் ஆற்றலும் 15 வாட்டுகளே. இன்று நம் காலனிகளில் கல்யாணப் பந்தலில் ஒலிக்கும் கருவிகளின் ஆற்றலோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்கும் போதாது என்றே தோன்றும். அத்தகைய சில கருவிகளைக் கொண்டு அம்மன்றம் முழுவதையும் நிரப்பினர்.

சோதனையில் பிரிக்ஸ் தலைகுனியவில்லை. மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே மன்றத்தில் நிகழ்ச்சியை மீண்டும் நடத்தினார். 1955இல் கடல் கடந்து நியூயார்க் நகரின் கார்னெகி மன்றத்திலும் கலைஞரையும் ஒலிபெருக்கியையும் எதிரெதிரே நிறுத்தினார்.

அவர் சாதித்தது யாது? ஒலிபெருக்கி உண்மை இசைக்கு முற்றிலும் சமமாகிவிட்டது என்று நிலைநாட்டியதாக நாம் சொல்ல வேண்டுவதில்லை. நகல் எவ்வளவு நன்றாயினும் நகலே. ஆனால் நகலை மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் துணிவை அவர் வணிக உலகுக்குக் காட்டினார். விளம்பரத்தைக் காட்டிலும் செவியையே நீதிபதியாக்கினார். தம் குறையைப் பிறர் காணுமாறு விளக்கொளியில் நின்றார். அதுவே அவருடைய பெருமை.

கை மாறிய பெயர்

1958ஆம் ஆண்டு பிரிக்ஸ் தம் நிறுவனத்தை ராங்க் நிறுவனத்தாருக்கு விற்றுவிட்டார். பழைய ஆங்கிலப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ராங்க் என்னும் பெயர் நினைவிருக்கும். தொடக்கத்தில் கட்டுடல் வாய்ந்த ஒருவன் ஒரு மாபெரும் சேகண்டியை ஓங்கி அடிப்பானே, அந்தப் படக்கம்பெனிதான். விற்ற பின்னும் அவர் விலகிவிடவில்லை. 1965இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். ஓய்வுக்குப் பின்னும் எழுத்தைக் கைவிடவில்லை. 1978ஆம் ஆண்டு தொடக்கத்தில், எண்பத்தேழாம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின் அந்தப் பெயர் பல கை மாறியது. ஜப்பானியக் கருவிகளின் வெள்ளமும், இடத்தை அடைக்காத ஒல்லிப் பெட்டிகளின் நாகரிகமும் பழைய பிரிட்டிஷ் ஒலிபெருக்கித் தொழிலை நெருக்கின. 1990களின் பிற்பகுதியில் வார்ஃப்டேல், குவாட் என்னும் இரு பெயர்களும் சீனாவின் ஷென்ஜென் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே குழுமத்தின் உடைமையாயின. பெஸ்டிவல் மன்றத்தில் தோளோடு தோள் நின்ற பிரிக்ஸும் வாக்கரும் விட்டுச் சென்ற பெயர்கள், அவர்கள் கனவிலும் எண்ணாத தொலைதேசத்தில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

அக்குழுமத்தார் 2012இல் வார்ஃப்டேலின் எண்பதாம் ஆண்டு நினைவாக டெண்டன் என்னும் பழைய பெயரில் ஒரு பெட்டியை வெளியிட்டனர். அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, 1965இல் முதன்முதல் தோன்றிய லிண்டன் என்னும் பெயரையும் 2019இல் புதுப்பித்தனர். அகன்ற முகம், மரத் தோல், முகப்புத் துணி, அடியில் தாங்கு சட்டம் என்று தோற்றம் முழுதும் பழைமை. உள்ளே மூன்று கூம்புகள் இருக்கின்றன. பெரிய கூம்பைக் காகிதத்தால் செய்யாமல், கெவ்லர் என்னும் வலிய செயற்கை இழையால் நெய்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஓரிணையின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. பி.பி.சி. வண்டிகளுக்கென வகுத்த அந்தச் சிறு பெட்டியையும் சில நிறுவனத்தார் மீண்டும் செய்து விற்கின்றனர்.

பழைமையா, உண்மையா?

இந்த மறுமலர்ச்சியைக் குறித்து இருவகைக் கருத்து நிலவுகிறது. இளமை நினைவுகளை விலை பேசும் வணிகத் தந்திரமே இது என்பர் ஒரு சாரார். பழைய வடிவத்தில் பயன் இருக்கிறது என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றிலும் பொருள் உண்டு. பெரிய கூம்பு இடம் பெற அகன்ற முகம் வேண்டும்; பெரிய கூம்பு குறைந்த அசைவிலேயே நிறைந்த மந்தரத்தைத் தரும்; ஆதலின் மெல்லிய ஒலியிலும் இசை ஒடுங்காது. நாகரிகத்தை முன்னிட்டு ஒல்லியாக்கியபோது சில நன்மைகள் கைநழுவியது உண்மையே.

எனினும் பிரிக்ஸின் வரலாற்றை அறிந்தவர் இவ்வழக்கை வேறு வகையில் தீர்ப்பர். அவர் பழைமையைப் பூசித்தவரல்லர். தம் நூலையே பதிப்புத்தோறும் திருத்தியவர். துணியைக் காட்டிலும் நல்ல பொருள் கிடைத்திருந்தால் அதைத் தயங்காமல் ஏற்றிருப்பார். அவருடைய உண்மையான வாரிசுரிமை மரத் தோலிலும் இல்லை. பெயர்ப் பலகையிலும் இல்லை. மூலத்தின் அருகே நகலை நிறுத்திச் சோதிக்கும் பழக்கமே அவர் விட்டுச் சென்ற செல்வம். அச்சோதனையில் தேறும் பெட்டி ஷென்ஜெனில் பிறந்தாலும் அது பிரிக்ஸின் பெட்டி. தேறாத பெட்டி யார்க்‌ஷயரிலேயே செய்யப்பட்டாலும் அவர் பெயரைத் தாங்கத் தகுதியற்றது.

தலைநகரில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு என்பது என் துணிபு. நாமும் ஒரு பாரம்பரியத்தைப் புதுப்பித்துக் கொண்டிருப்பவர்களே. ஆண்டுதோறும் கொலு வைக்கிறோம். பொங்கல் விழா நடத்துகிறோம். பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி மேடையேற்றுகிறோம். இவை புறத்தோற்றங்கள், வேண்டியவைதாம். ஆனால் டில்லியில் பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் தமிழையும் இசையையும் பெரும்பாலும் நகல் வழியாகவே அறிகின்றனர். பதிவு செய்த பாட்டும், திரையில் ஓடும் பேச்சுமே அவர்களுக்கு ஆசானாகின்றன. நகலைக் குறை கூறிப் பயனில்லை. நம் பெற்றோருக்கும் அந்த வானொலிப் பெட்டிதானே தாய்நாட்டைக் கொண்டு வந்து தந்தது! ஆயினும் எப்போதாவது மூலத்தையும் அவர்கள் முன் நிறுத்த வேண்டும். மிருதங்கத்தை அருகே அமர்ந்து கேட்ட குழந்தைக்கே ஒலிபெருக்கியில் வரும் மிருதங்கத்தின் குறை தெரியும். பாட்டியின் வாயால் தமிழைக் கேட்ட குழந்தைக்கே மற்றத் தமிழின் மாற்று விளங்கும்.

இவ்வாண்டு விழாவில் நம் சங்கத்தின் மேடையில் கச்சேரி நடக்கும்போது, பிள்ளைகளைப் பின்வரிசையில் விளையாட விடாமல் முன்வரிசையில் அமர்த்துங்கள். தம்புராவின் நாதம் ஒலிபெருக்கிக்கு எட்டுவதற்கு முன்னரே அவர்கள் செவிக்கு எட்டட்டும். வீடு திரும்பியதும், அன்று கேட்ட கீர்த்தனை ஒன்றின் பதிவை ஒலிக்கச் செய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று அவர்களையே கேளுங்கள். தந்தையற்ற பிள்ளையாய் வளர்ந்து, நிலவறையில் தொழில் தொடங்கி, மூவாயிரம் பேர் முன்னிலையில் தம் உழைப்பைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய பிரிக்ஸ் என்னும் பெருமகனுக்கு நாம் செலுத்தத் தக்க வணக்கம் அதுவே.